12 அடி வாசலுக்கு எந்தப் பூமரம்?

கேள்வி: வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே 12 அடி இடம் இருக்கிறது. செம்மண் நிலம். வீட்டில் ஆடு, மாடும் சின்னக் குழந்தைகளும் உண்டு. பக்கத்து நர்சரியில் சரக்கொன்றை, செண்பகம், மகிழம், மஞ்சள் அரளி, பவளமல்லி கன்றுகள் கிடைக்கின்றன. எதை நடலாம்?

பதில்: நர்சரியில் எல்லாக் கன்றும் இரண்டடி உயரத்தில்தான் நிற்கும். பத்து வருஷத்தில் அது எவ்வளவு இடம் கேட்கும் என்று பார்த்தே கன்றை வாங்க வேண்டும்.

சரக்கொன்றை சித்திரையில் மஞ்சள் சரமாகப் பூத்துத் தொங்கும். ஆனால், 30 அடிக்கு மேல் வளரும். நிழல் தேவைப்படும் கோடையில் இலையையும் உதிர்த்துவிடும். செண்பகம் இன்னும் உயரமாகப் போகும். அதற்கு ஈரம் காக்கிற, தண்ணீர் தேங்காத மண் வேண்டும். மகிழம் திருவண்ணாமலை, திருவொற்றியூர் கோயில்களில் தலமரம். வருஷம் முழுக்க நிழல் தரும். மெதுவாக வளர்ந்தாலும் கடைசியில் பெரிய மரமாகிவிடும். இந்த மூன்றையும் வயல் ஓரத்திலோ, தோப்பிலோ வைக்கலாம். 12 அடி வாசலுக்கு ஒத்துவராது.

மஞ்சள் அரளி சிறிய மரம்தான். ஆனாலும் இந்த வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். இலை, பால், விதை எல்லாமே நஞ்சு, இதயத்தைத் தாக்கும். செவ்வரளியும் அப்படித்தான். வெட்டிப்போட்ட தழை காய்ந்தாலும் நஞ்சு குறையாது. ஏற்கெனவே அரளி இருந்தால், வெட்டிய கிளையை ஆடு, மாடு எட்டாத இடத்தில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். எரித்தால் புகையும் கெடுதல். குழந்தை காயை வாயில் வைத்துவிட்டால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மீதமிருக்கும் பவளமல்லிதான் இந்த வாசலுக்குச் சரியான மரம். சுமார் 10 அடி உயரத்தில் கவாத்து செய்து அடக்கி வைக்கலாம். விதை, போத்து இரண்டிலும் வளரும். கன்றாக வாங்கினால், உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பைக்குள் வேர் சுருண்டு இறுகிய பழைய கன்றைவிட, தண்டு பருத்த குட்டைக் கன்றே மேல்.

சுவரிலிருந்து 7 அடி தள்ளி, நல்ல வெயில் விழும் இடத்தில் இரண்டடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி எடுத்து, இரண்டு வாரம் ஆறப்போட வேண்டும். மேல்மண்ணுடன் இரண்டு கூடை மக்கிய தொழுவுரம், அரை கிலோ வேப்பம்பிண்ணாக்கு கலந்து குழியை நிரப்பலாம். வேப்பம்பிண்ணாக்கு கரையானைக் கட்டுப்படுத்த உதவும். ஆடி, ஆவணியில் நட்டால், அடுத்து வரும் ஐப்பசி மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் வைக்க வேண்டும். தண்டு முன்பு எவ்வளவு புதைந்திருந்ததோ, அதே அளவுதான் இப்போதும் புதைய வேண்டும். அடியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். அதனால், சுற்றிலும் மண்ணைக் கொஞ்சம் மேடாக்கிவிட வேண்டும்.

முதல் கோடையில் வாரம் இருமுறை தண்ணீர் விட்டு, காய்ந்த சருகால் மூடாக்கு போட வேண்டும். ஆடு கடிக்காத உயரம் வரும்வரை முள்வேலி அவசியம். இரண்டு வருஷம் தாண்டினால் வறட்சியை ஓரளவு தாங்கும். புதுத் துளிரில்தான் பூ வரும் என்பதால், பூப்பு ஓய்ந்தபின் தை, மாசியில் கவாத்து செய்யலாம். மின்கம்பி போகும் இடமாக இருந்தால், அதன் நேர் கீழே இந்த மரத்தைக்கூட நடக் கூடாது.

பவளமல்லி இருட்டியதும் மலர்ந்து, விடியும்போது உதிர்ந்துவிடும். பறிக்க வேண்டிய வேலை இல்லை. சாயங்காலம் மரத்தடியைக் கூட்டிச் சாணம் தெளித்து வைத்தால், காலையில் மண் ஒட்டாத பூவை அள்ளலாம். உதிர்ந்த பூவையும் பூஜைக்கு ஏற்பது இந்த மரத்துக்குள்ள தனி வழக்கம். காவி நிறக் காம்பைக் காயவைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றிய காலமும் உண்டு.