மலிவு விசில்கள்

இணைய வியாபார ஸ்தலங்களில் அன்னிய நாட்டு விசில்கள் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. படத்தில் எல்லாம் பளபளக்கின்றன; நட்சத்திரப் புகழுரைக்கும் பஞ்சமில்லை. ஆனால் விசிலின் யோக்கியதை மினுக்கில் இல்லை. வாய்த்துவாரத்தின் வழியே செல்லும் காற்று, எதிரேயுள்ள கூரிய விளிம்பில் பிசகாமல் மோதவேண்டும். வார்ப்பின் பிசிறு அங்கே நின்றுவிட்டால் சப்தம் கம்மிப்போகும். உள்ளே உருளும் தக்கைக் குண்டோ ஈரத்தில் உப்பிச் சிக்கிக்கொள்ளும். பந்தாட்டத்தின் நடுவே குண்டு சிக்கிய அனுபவமே, கனடா தேசத்து நடுவர் ரான் பாக்ஸ்கிராப்டைக் குண்டில்லாத விசிலுக்குத் தூண்டியது. 1987-இல் அது வெளிவந்தது.

இதைச் சில்லறை விஷயமென ஒதுக்குவோர் உண்டு. 1912-ஆம் வருஷம் டைட்டானிக் கப்பல் மூழ்கியபின், கவிழ்ந்த படகின்மேல் நின்று தத்தளித்தவர்களிடம் மற்றப் படகுகளை வரவழைத்தது அதிகாரி லைட்டாலரின் விசில்தான். உயிர்காப்புச் சட்டையில் தொங்கும் விசிலை அவ்வேளையிலா முதன்முதல் பரீக்ஷிப்பது? கைக்கு வந்தவுடனே நீரில் முக்கியெடுத்து, முதலில் மெல்லவும், பிறகு மூச்சுள்ளமட்டும் பலமாகவும் ஊதிப் பார்க்கவேண்டும். பலமாக ஊதுகையில் ஊமையாகும் சரக்கைத் தயக்கமின்றித் திருப்பியனுப்புக.

உற்பத்தியான தேசத்தின் பெயரை இணைய வியாபாரிகள் காட்டியே தீரவேண்டுமென்பது 2020-ஆம் வருஷத்து விதி. குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். குழந்தை வாயில் வைக்கும் பொருளல்லவா இது? முத்திரையற்ற பொம்மை விசில்களைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்த நம் சர்க்காருக்கு என்ன தடை?