பள்ளிக்குள் பறை ஒலிக்கட்டும்
பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்தக் கலையை அரசுப் பள்ளிகளில் நிரந்தரப் பயிற்சியாக்குவதே அடுத்து நடக்க வேண்டியது. பறையின் வலிமை குழுவில் இருக்கிறது. தோலைத் தீயில் காய்ச்சி, இடக்கையில் சிண்டுக்குச்சியும் வலக்கையில் அடிக்குச்சியுமாக வட்டமிட்டு நின்று, ஆடிக்கொண்டே அடிக்க வேண்டும். ஒருவர் அடி தவறினால் வட்டமே தடுமாறும். பக்கத்தில் நிற்பவரைக் கவனிக்காமல் இதைக் கற்க வழியில்லை. பேசவே கூசும் பதின்வயதுப் பிள்ளைகளும் இந்த வட்டத்தில் ஒருவரையொருவர் நம்பப் பழகுகிறார்கள். சாவுக் கருவி என்று ஒதுக்கப்பட்டு, குறிப்பிட்ட சாதியினர் மீது கட்டாயப் பணியாகச் சுமத்தப்பட்ட ஒன்றை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் விரும்பித் தோளில் மாட்டுவது சிறிய மாற்றமன்று. பெண்களாலும் பறையடிக்க முடியும் என்பதைப் பெண்கள் குழுவான திண்டுக்கல் சக்தி கலைக்குழு எப்போதோ காட்டிவிட்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாப் போட்டி வரவேற்கத்தக்கதே; ஆனால் போட்டிக்கு முந்தைய அவசர ஒத்திகை பயிற்சி ஆகாது. வாரந்தோறும் பாடவேளை ஒதுக்கி, மரபுக் கலைஞர்களையே மாதச் சம்பளத்தில் பயிற்றுநர்களாக அமர்த்த வேண்டும். பட்டச் சான்றிதழ் கேட்டு அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பக் கூடாது. கருவிகளுக்கான செலவையும், வழக்கம்போலத் தலைமையாசிரியர் தலையில் கட்டாமல், அரசே ஏற்க வேண்டும்.