செத்தவனை யார் தேடுவார்கள்?

டிஸ்கி: கதையின் முக்கியமான முடிச்சை அவிழ்க்காமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. அது வேண்டாம் என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கடைசிக் காட்சியை மட்டும் சொல்லமாட்டேன்.

'தி டெப்ட்' (2010) ஒரு உளவாளிப் படம் என்பார்கள். துப்பாக்கி, ரயில் நிலையம், கிழக்கு பெர்லின் எல்லாம் இருக்கிறதுதான். எனக்கென்னவோ இது ஒரு பொய்க்கு முப்பது வருஷம் வட்டி கட்டிய கதையாகத்தான் தெரிகிறது. பெயரே 'கடன்' தானே!

2007இல் வந்த இஸ்ரேலியப் படத்தை ஜான் மேடன் ஆங்கிலத்தில் எடுத்திருக்கிறார். பிர்கெனாவ் வதைமுகாமில் கைதிகள் மேல் கொடூரமான சோதனைகள் செய்த டாக்டர் வோகல் (கற்பனைப் பாத்திரம்), 1965இல் கிழக்கு பெர்லினில் சாதுவாகப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனை உயிரோடு பிடித்து இஸ்ரேலில் விசாரணைக்கு நிறுத்த மொசாட்டின் மூன்று பேர் போகிறார்கள். நோயாளி மாதிரி அவனிடம் போய்ப் படுக்கிறாளே ரேச்சல், அந்தக் காட்சி வயிற்றைக் கலக்குகிறது. பிடித்தும் விடுகிறார்கள். ஆனால் எல்லை தாண்டும் திட்டம் சொதப்ப, வீட்டிலேயே கட்டிப்போட்ட இடத்தில் அவன் ரேச்சலின் கன்னத்தைக் கிழித்துவிட்டு ஓடிவிடுகிறான். மூன்று பேரும் கூடிப் பேசி, "சுட்டுக் கொன்றுவிட்டோம்" என்று ஊருக்குச் சொல்கிறார்கள். 1997இல் ரேச்சலின் மகள் அம்மாவின் வீரத்தைப் புத்தகமாகவே போட்டுவிடுகிறாள்.

புனேயில் எங்கள் வீட்டில் படம் முடிந்ததும் பட்டிமன்றம்தான். தங்கமணி அவர்கள் பக்கம். "எத்தனை பேருக்கு அந்தச் செய்தி ஆறுதலா இருந்திருக்கும்? நாட்டு மானமும் இருக்கில்ல?" ப்ளஸ் டூ படிக்கும் மகள் விடவில்லை. "தப்பிச்சுட்டான்னு சொல்லியிருந்தா என்னப்பா ஆயிருக்கும்? மிஞ்சிப்போனா வேலை போயிருக்கும்."

நான் மகள் கட்சி. காரணம், செத்தவனை யாரும் தேடமாட்டார்கள். அந்தப் பொய்யை விட நல்ல ஒளிவிடம் வோகலுக்கு எங்கே கிடைத்திருக்கும்? அவனை வேட்டையாடப் போனவர்களே அவனுக்குக் காவல்காரர்களாகிவிட்டார்கள்.

நிஜத்தில் நடந்தது இதற்குத் தலைகீழ். ஆஷ்விட்சின் மெங்கலே 1979இல் பிரேசில் கடற்கரையில் குளிக்கும்போது செத்துப்போனான். பொய்ப் பெயரில் புதைத்தார்கள். அது தெரியாமல் 1985 வரை உலகம் அவனைத் தேடிக்கொண்டிருந்தது. பிறகு எலும்பைத் தோண்டி எடுத்து, 1992இல் மரபணுச் சோதனை செய்துதான் முழுசாக உறுதிப்படுத்தினார்கள். ஒரு பிணத்துக்கே இவ்வளவு சரிபார்ப்பு. படத்திலோ மூன்று பேர் வாய்வார்த்தை போதுமானதாக இருந்தது.

இன்னொன்று, ஐக்மன் விசாரணை. 1960 மே மாதம் அர்ஜென்டினாவில் அவனைப் பிடித்தபோதே சுட்டிருந்தால் வேலை சுலபம். சுடவில்லை. ஜெருசலேமுக்குக் கொண்டுவந்து, 1961இல் கூண்டில் நிறுத்தினார்கள். சுமார் நூறு பேர் சாட்சி சொன்னார்கள். வீட்டில்கூட வாய் திறக்காமல் இருந்தவர்கள் முதல்முறையாகப் பேசியதை நாடே ரேடியோவில் கேட்டது. 1962இல் அவனைத் தூக்கிலிட்டார்கள். ஆனால் தூக்குக் கயிற்றைவிட அந்தச் சாட்சியங்கள்தான் இன்றைக்கும் நிற்கின்றன.

வோகல் செத்தான் என்று சொன்னதால் பறிபோனது இதுதான். அவனிடம் சிக்கிப் பிழைத்தவர்கள் அவன் முகத்துக்கு நேரே பேசும் வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது. ஆறுதல் என்று தங்கமணி சொன்னது, அவர்களைக் கேட்காமலே அவர்கள் வழக்கை இழுத்து மூடிய காரியம்.

சும்மா சொல்லக்கூடாது, ஹெலன் மிர்ரன் பின்னியிருக்கிறார். மகள் மேடையில் புகழப் புகழ, அவர் முகம் போகிற போக்கைப் பாருங்கள். கடைசி இருபது நிமிஷம் மட்டும் சாதாரண த்ரில்லராகிவிடுகிறது. வோகலைத் தீர்த்துக்கட்டினால் கணக்கு நேராகிவிடும் என்று படமே கொஞ்சம் நம்புகிற மாதிரி இருக்கிறது.

என்னைக் கேட்டால், ரேச்சல் பட்ட கடன் அவன் உயிர் அல்ல. நடந்ததை நடந்தபடி மகளிடம் சொல்வது. அதைச் சொல்லத்தான் முப்பது வருஷம் ஆனது.