தோண்டிய மேடும் தூங்கிய ஏடும்

ஏட்டுச்சுவடி ஒன்று எரிந்துபோனால் அதன் மற்றொரு படி எங்கேனும் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தல் கூடும். தொல்லூர் மேட்டுக்கோ மறுபடி என்பதே இல்லை. மண்ணடுக்கு ஒவ்வொன்றும் ஒரு தலைமுறையின் வாழ்வு. அகழ்வோனின் கருவி அவ்வடுக்கைக் கண்டறியும் அந்நொடியிலேயே அதனை அழித்தும் விடுகின்றது. எந்த ஓடு, எந்த அடுக்கில், எத்துணை ஆழத்தில், எச்சுவரின் அருகே கிடந்தது என்னும் குறிப்பு ஒன்றே எஞ்சுவது. அக்குறிப்பு முழு அறிக்கையாக அச்சேறும் வரையில் அகழ்வாய்வு முடிந்ததாகாது. நடுவண் அரசின் தொல்லியல் துறை இக்கடனை எவ்வாறு ஆற்றி வந்துள்ளது என்பதனைக் காளிபங்கன் மேட்டின் கதை தெள்ளத்தெளியக் காட்டும்.

இராசத்தானத்தின் வடகோடியில், கக்கர் என்னும் வறண்ட ஆற்றின் தென்கரையில் உள்ளன அம்மேடுகள். மேற்பரப்பெங்கும் சுடுமண் வளையல் துண்டுகள் கறுத்துச் சிதறிக் கிடந்தமையால், 'கரிய வளையல்கள்' என்னும் பொருளில் ஊரார் இட்ட பெயர் அது. இராசத்தானி மொழியை ஆராயப் போந்த இத்தாலிய அறிஞர் இலூயிகி பியோ தெசித்தோரியே அம்மேடுகளின் பெரும்பழமையை முதற்கண் உணர்ந்தவர். அவர் 1919-இல், 31-ஆம் அகவையில், பிகானேரில் மறைந்தார். சிந்துவெளி நாகரிகம் உலகுக்கு அறிவிக்கப்பெற்ற 1924-ஆம் ஆண்டைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. பின்னர் 1960 முதல் 1969 வரை ஒன்பது பருவங்கள் பி.பி. இலால், பி.கே. தாபர் ஆகியோர் தலைமையில் அகழ்வு நடந்தது.

மேலை மேட்டின் அடியில் வெளிப்பட்டது ஒரு வியப்பு. அரப்பா நகரத்தாரின் கட்டடங்களுக்குக் கீழே, அவர்களுக்கும் முந்தையோரின் ஊர் ஒன்று மண்செங்கல் மதிலோடு புதைந்திருந்தது. முந்தையோரின் செங்கல் 3:2:1 என்னும் அளவினது; பிந்தையோரின் செங்கல் 4:2:1. ஆயினும் இருசாரார்க்கும் உள்ள வேறுபாட்டைச் செங்கல்லினும் தெளிவாகச் சொன்னவை மட்கலங்களே. முந்தையோரின் கலங்களை ஆய்வாளர் ஆறு வகையாகப் பகுத்தனர். ஒருவகை, மெல்லிய சிவப்புக் கலம்; திகிரியில் வனைந்ததாயினும் செப்பம் குறைந்தது; மேலே கருவண்ணத்தால் கோடுகளும், மீசையை ஒத்த இருபுரிச் சுருளும் தீட்டப்பட்டு, ஒரோவழி வெள்ளையும் சேர்ந்தது. மற்றொருவகை, மேற்பாதியை நன்கு வழவழப்பாக்கிக் கீழ்ப்பாதியில் மணல் கலந்த சேறு பூசிச் சொரசொரப்பாக்கியது. இன்னொருவகை, உட்புறமெங்கும் கீறலிட்ட அகன்ற தாழிகள். இவ்வோடுகளில் மன்னன் பெயர் இல்லை, போர் இல்லை. விரைந்து வனைந்த ஒரு கையின் பழக்கம் இருக்கின்றது. மதிலுக்கு வெளியே, தென்கிழக்கில், உழுத வயல் ஒன்றின் கொழுச்சால்களும் கிடைத்தன. குறுக்கும் நெடுக்குமாக, ஒரு திசையில் நெருங்கியும் மறுதிசையில் அகன்றும் செல்லும் சால்கள் அவை. அப்பகுதி உழவர் இருவகைப் பயிரை ஒரே வயலில் விதைக்க இக்காலத்தும் அவ்வாறே உழுகின்றனர் என அகழ்ந்தோர் கண்டனர்.

இத்தகைய செல்வத்தின் முழு அறிக்கை எப்பொழுது வந்தது? முந்தைய ஊரைப் பற்றிய நூல் 2003-இல் வந்தது. அகழ்வு முடிந்து 34 ஆண்டுகள் கழிந்த பின்னர்! மேலே இருந்த அரப்பா நகரைப் பற்றிய நூலின் முதற்பகுதிக்கு 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆண்டுதோறும் சுருக்கக் குறிப்புகள் வெளிவந்தன என்பது மெய்யே; ஆயின் குறிப்பு அறிக்கையாகுமா? அகழ்வின் இருபெருந் தலைவருள் ஒருவரான தாபர் 1995-இலேயே மறைந்துவிட்டார். இதற்கிடையில் இலால் அவர்கள், கக்கரே வேதம் கூறும் சரசுவதி என நிறுவப் புகுந்து தனிநூல் ஒன்றை 2002-இல் வெளியிட்டார். காளிபங்கனில் கிடைத்த தீக்குழிகளும் வேள்விக் குண்டங்கள் என விளக்கம் பெற்றிருந்தன. முடிவு முந்தி நடந்தது. சான்று பிந்தி வந்தது. இவ்வரிசை முறையானதா என்று வினவினார் தில்லியில் எத்துணைப் பேர்?

தமிழர் இதனைக் கருத்திற் கொள்ளத் தக்க காரணம் உண்டு. காளிபங்கன் ஓடு ஒன்றில் சிந்துவெளிக் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீறப்பட்டிருந்தன. அவ்வெழுத்து வலமிருந்து இடமாகச் சென்றது என்பதற்கு அது சான்றாயிற்று. காட்டியவர் இலால் அவர்களே. அதற்கு அவரைப் பாராட்டுதல் வேண்டும். அவ்வெழுத்தின் மொழி திராவிடமே என ஈராசு அடிகளாரும், பின்லாந்து நாட்டு அசுக்கோ பர்ப்போலாவும், 1977-இல் சிந்துவெளிக் குறிகளின் தொகுப்பை வெளியிட்ட ஐராவதம் மகாதேவனும் வாதிட்டனர். வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்கில் சான்றைப் பெட்டியில் பூட்டி வைப்பது ஒரு சாரார்க்கு மட்டுமே நலம் பயக்கும்.

இனிக் கீழடிக்கு வருவோம். பள்ளிச்சந்தைத் திடல் என்னும் மேட்டில் 2014-இல் தொடங்கி முதலிரு பருவங்கள் அகழ்ந்தவர் நடுவண் துறையின் அலுவலர் அமர்நாத் இராமகிருட்டிணன். 2017-இல் அவர் அசாமுக்கு மாற்றப்பட்டார். ஆயினும் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். 982 பக்கங்கொண்ட அறிக்கையை 2023 சனவரித் திங்களில் துறையிடம் அளித்தார். துறை அதனை ஈராண்டுக்கு மேல் வைத்திருந்து, 2025 மே திங்களில், காலக்கணிப்பைத் திருத்துக என்று திருப்பி அனுப்பியது. மண்ணடுக்கும் கரிமக் காலக்கணிப்பும் காட்டியவாறே எழுதியுள்ளதாக விடையிறுத்தார் அவர். அடுத்த திங்களிலேயே மீண்டும் ஓர் இடமாற்றம்!

காளிபங்கனுக்கு 34 ஆண்டுகள் பொறுத்திருந்த துறைக்கு, அறிக்கை தாழ்வது பெருங்குறையாகத் தோன்றவில்லை; அறிக்கை வந்து சேர்ந்ததே கீழடியில் குறையாயிற்று போலும்! ஆய்வில் பிழையிருப்பின் பிழையை எழுத்தில் காட்டுக. அதனை மறுநூலாக வெளியிடுக. அறிஞர் இரண்டையும் ஒப்புநோக்கட்டும். அகழ்ந்தவர் எழுதியதை எழுதியவாறே அச்சிடுவதற்கு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை. இதனை நாடாளுமன்றத்திலுள்ள தமிழக உறுப்பினர் கட்சி பாராது ஒருங்கே கேட்டல் வேண்டும். கல்லூரித் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் தீர்மானம் நிறைவேற்றித் தில்லிக்கு விடுத்தல் வேண்டும். கீழடி அறிக்கையோடு, காளிபங்கன் அரப்பா நகரின் எஞ்சிய பகுதியையும் சேர்த்தே கேட்கலாம். அம்மேடும் ஒருமுறைதான் அகழப்பட்டது.