ஆணியின் துருவைப் பழிக்காதீர்கள்

“துருப்பிடித்த ஆணி குத்திவிட்டது, ஊசி போட வேண்டுமா?” நான் வேலை செய்யும் மருந்தகத்தில் இப்படிக் கேட்பவர்கள் நிறைய. ஆணி புதிதாகப் பளபளவென்று இருந்தால் யாரும் கேட்பதில்லை. உண்மையில், இரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோய்க்குத் துரு காரணமல்ல, மண்தான் காரணம். மண்ணிலும் சாணத்திலும் உறங்கிக் கிடக்கும் ‘கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி’ கிருமியின் வித்துகள், காற்றுப் புகாத ஆழமான காயத்துக்குள் போனால் விழித்துக்கொள்ளும். புதிய ஆணியோ, ரோஜா முள்ளோ, புல் வெட்டும் பாராங் கத்தியோ, மண் ஒட்டியிருந்தால் போதும்.

கிருமி காயத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. அது சுரக்கும் நஞ்சுதான் பயணம் போகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 நானோகிராம் நஞ்சே உயிரைப் பறித்துவிடும் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றுதான் நானோகிராம். ஓர் ஆளைக் கொல்லத் தேவையான அளவு, ஒரு சிறிய உப்புத் துகளைவிடப் பல மடங்கு குறைவு.

இவ்வளவு குறைந்த அளவு எப்படிப் போதுகிறது? நம் தசைகளுக்கு ‘இறுகு’ என்ற கட்டளையும் உண்டு, ‘போதும், நிறுத்து’ என்ற கட்டளையும் உண்டு. நஞ்சு, தசையை இயக்கும் நரம்பு வழியாக மேலேறித் தண்டுவடத்தை அடைந்து, ‘நிறுத்து’ என்று சொல்லும் நரம்புகளுக்குள் புகுந்துகொள்கிறது. அங்கே, செய்திப் பொருளை வெளியே அனுப்ப உதவும் சினாப்டோபிரெவின் என்ற ஒரு புரதத்தை மட்டும் வெட்டுகிறது. இத்தாலியின் பாதுவா நகர ஆய்வாளர்கள் இதை 1992-இல் வெளியிட்டார்கள். ‘நிறுத்து’ என்று சொல்ல ஆளில்லாததால் தசைகள் இறுகிக்கொண்டே போகின்றன. பெரும்பாலும் முதலில் தாடை பூட்டிக்கொள்கிறது.

இந்த நோயில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. அம்மை வந்து குணமானவருக்கு அது மறுபடி வருவது அரிது. டெட்டனஸ் அப்படியல்ல. பிழைத்து எழுந்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி உருவாவதில்லை. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சு, நம் உடலின் காவல் படைக்குப் பாடம் புகட்டப் போதாது. அதனால் குணமானவருக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும்.

அந்தப் பாடத்தைப் புகட்ட மனிதர்கள் வழி கண்டார்கள். ஜப்பானியரான கிடாசாட்டோ, பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் 1889-இல் இந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். மறு ஆண்டு அவரும் பெஹ்ரிங்கும், எதிர்ப்புச் சக்தி பெற்ற முயலின் இரத்த நீரைச் செலுத்தினால் எலிகளை இந்த நஞ்சிலிருந்து காக்கலாம் என்று காட்டினார்கள். 1920-களில் பிரான்ஸின் கஸ்டோன் ராமோனும் சகாக்களும் நஞ்சை ஃபார்மலினிலும் மிதமான சூட்டிலும் வைத்து அதன் கொல்லும் தன்மையை நீக்கினார்கள். உருவம் ஏறக்குறைய அப்படியே இருந்ததால் உடல் அதை அடையாளம் கண்டுகொண்டது. இன்று நாம் போட்டுக்கொள்வது இந்த ‘டாக்ஸாய்டு’தான்.

அது இன்னொரு வேலையும் செய்கிறது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் கிருமி, சர்க்கரைப் பொருளாலான உறையைப் போர்த்தியிருக்கிறது. கைக்குழந்தையின் உடலுக்கு அந்த உறையைச் சரியாக அடையாளம் காணத் தெரியாது. அந்தச் சர்க்கரையை டெட்டனஸ் டாக்ஸாய்டுடன் பிணைத்துக் கொடுத்தால் கற்றுக்கொள்கிறது. குழந்தைகளுக்குப் போடும் ஆறு நோய்த் தடுப்பூசியில் இந்தப் பிணைப்பு உண்டு. சில டைபாய்டு தடுப்பூசிகளிலும் உண்டு. நஞ்சின் தீங்கற்ற ஒரு பகுதியைப் பயன்படுத்தி, தண்டுவடம்வரை மருந்தைக் கொண்டுபோக முடியுமா என்றும் ஆய்வுக்கூட விலங்குகளில் சோதித்து வருகிறார்கள்.

பலன் கண்கூடு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 1988-இல் டெட்டனஸால் இறந்த பச்சிளம் குழந்தைகள் சுமார் 7,87,000. 2018-இல் அது சுமார் 25,000. தாய்மாருக்குப் போட்ட ஊசியும் சுத்தமான பிரசவமும் செய்த வேலை இது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. டெட்டனஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆகவே ஊரெல்லாம் ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருவரை அது காப்பாற்றாது. அம்மை தடுப்பூசியில் கிடைக்கும் அக்கம்பக்கத்துப் பாதுகாப்பு இதில் இல்லை. பள்ளியில் போட்ட ஊசியின் பலனும் காலப்போக்கில் குறையும். பெரியவர்கள் 10 ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்வது நல்லது. அழுக்கான, ஆழமான காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால், காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். அப்பா அம்மாவுக்கு அப்படி ஓர் அட்டை இருக்கிறதா? முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து, வெறுங்காலோடு மண்ணில் நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். ஞாபகமில்லை என்றால், அதையே டாக்டரிடம் சொல்லி ஊசி போட ஏற்பாடு செய்யுங்கள்.