“ஒரு கிழமைக்கு” என்று எழுதினால் போதாது

ஹற்றன், நுவரெலியா பக்கத்து நம் ஜமாஅத்தாருக்கும், லயங்களில் நம்மோடு வாழும் சகோதர சகோதரிகளுக்கும் சேர்த்தே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். கடைசி வரை வாசியுங்கள்.

மெதோட்ரெக்ஸேட் என்றொரு மாத்திரை. மூட்டுவாதம், சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு கிளினிக்கில் கொடுக்கிறார்கள். புற்றுநோய்க்கும் இதே மருந்துதான், ஆனால் அங்கே அளவு மிகப் பெரியது. குறைந்த அளவில், நம் உடம்பையே தாக்கும் எதிர்ப்புச் சக்தியை அது அடக்குகிறது. மூட்டு சிதையாமல் காக்கிறது. “கான்சர் மருந்தைக் கொடுத்து ஏமாத்துறாங்க” என்று வொய்ஸ் மெசேஜ் பரப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு மருந்தை விட்டவரின் விரல் கோணிப்போனால், கொழுந்து பறிக்க நீங்களா போவீர்கள்?

ஆனால் இதற்கு ஒரு சட்டம் உண்டு. மூட்டுக்கும் தோலுக்கும் எடுப்பவர்கள் கிழமையில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தினமும் விழுங்கினால் எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும், வாயும் குடலும் புண்ணாகும், உயிரே போகலாம். உலகெங்கும் இந்தத் தவறு நடந்ததால்தான் 2019இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் எச்சரிக்கை அட்டையைக் கட்டாயமாக்கச் சொன்னது. பிரித்தானியாவிலும் எந்த நாள் என்பதை முழுமையாக எழுதச் சொல்கிறார்கள்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? மருந்து உறையில் அவசரமாக ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கல். தாய்க்கு வாசிக்கத் தெரியாது, ஆறாம் வகுப்புப் பிள்ளை வாசித்துச் சொல்கிறது. தமிழில் எழுதினாலும் “ஒரு கிழமைக்கு” என்றுதான் எழுதுகிறார்கள். கிழமைக்கு ஒரு தரமா? ஒரு கிழமை முழுக்கத் தினமுமா? தமிழ் படிப்பிக்கும் எங்களுக்கே இரண்டு அர்த்தமும் தெரிகிறது. கூடவே கொடுக்கிற போலிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் அதே போலச் சின்னதாய், மஞ்சளாய் இருக்கிறது. மாறிப்போக எவ்வளவு நேரம்?

எந்த வைத்தியசாலையையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. அங்கே வரிசை நீளம், ஆள் குறைவு என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. “திங்கட்கிழமை மட்டும். மற்ற நாட்களில் வேண்டாம்” என்று ஒரு ரப்பர் முத்திரை செய்ய எவ்வளவு செலவாகும்? நேரமில்லை என்பது பதிலல்ல. முத்திரை குத்த ஒரு நொடி போதும்.

நம் பக்கமும் கடமை இருக்கிறது.

கிழமையின் எந்த நாள், அன்றைக்கு எத்தனை மாத்திரை என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதி வாங்குங்கள். சொன்ன திகதியில் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். ஈரலும் சிறுநீரகமும் இரத்தமும் சரியா என்று அதில்தான் தெரியும். ஒரு நாள் பேரு போகிறதே என்று தள்ளிப் போடாதீர்கள்.

எடுத்த மறுநாள் குமட்டலும் களைப்பும் வரலாம். காய்ச்சல், தொண்டை நோவு, வாய்ப்புண், காரணமில்லாத கண்டல், வறட்டு இருமல், மூச்சிரைப்பு, கண் மஞ்சளாதல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். தவறித் தினமும் எடுத்துவிட்டால் காத்திருக்கவே வேண்டாம், 1990க்கு அழையுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால்தான் பலன்.

கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. பிள்ளை பெற நினைக்கிறவர்கள், ஆணோ பெண்ணோ, முதலில் டொக்டரிடம் பேச வேண்டும். சாராயம் ஈரலைக் கெடுக்கும். வேறு நோய்க்கு, முக்கியமாகக் கிருமிக்கு, பாமசியில் மருந்து வாங்கும்போது இதை எடுப்பதைச் சொல்லுங்கள். கோட்ரைமொக்சசோல் இதோடு சேர்ந்தால் ஆபத்து. “எனக்கு நல்லாச்சு, நீயும் போடு” என்று பக்கத்து லயத்துக்குக் கொடுப்பது உதவியல்ல.

நோன்பு வருமுன்பே டொக்டரிடம் நேரத்தைக் கேட்டு வையுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பது குறையல்ல.

பள்ளிவாசல் நிர்வாகங்களே, ஜும்ஆ முடிந்து இரண்டு நிமிடம் இதை அறிவியுங்கள். கோயில், தேவாலய நண்பர்களும் செய்யட்டும். அந்த முத்திரையைக் கேட்டு ஊராகச் சேர்ந்து மனுக் கொடுப்போம். எழுதித் தர ஆசிரியர்கள் நாங்கள் தயார்.