மூக்குக்கண்ணாடி வில்லையும் ஹந்தானை வானமும்

கண்டிக்குத் தெற்கே நீளும் ஹந்தானை மலைத்தொடரின் ஒரு சரிவில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மற்றொரு சரிவில் தேயிலைத் தோட்டங்களும் லயங்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் வானம் ஒன்றுதான். ஆயினும் அந்த வானத்தைக் கருவிகொண்டு பார்க்கும் வாய்ப்பு லயத்துப் பிள்ளைக்கு எளிதில் கிட்டுவதில்லை. உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் மிகச் சிலவே.

கருவிக்குப் பணம் இல்லை என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம். அது முழு உண்மையன்று. 1 டயொப்டர் வலுவுள்ள குவிவு மூக்குக்கண்ணாடி வில்லையின் குவியத் தூரம் 1 மீற்றர். பழுதடைந்த இருகண் நோக்கியிலிருந்து கழற்றிய பார்வைத்துண்டின் குவியத் தூரம் 25 மில்லிமீற்றராயின், உருப்பெருக்கம் 40 மடங்கு. புடவைக் கடையில் துணி சுற்றிவரும் அட்டைக் குழலே உடலாகும். வில்லையின் முன் 3 சென்ரிமீற்றர் துளையிட்ட கறுப்பு அட்டையை ஒட்டினால் நிறச் சிதறல் குறையும். கையில் பிடித்தால் நடுங்கும். பலகையில் இறுகக் கட்டவேண்டும். விம்பம் தலைகீழாகத் தெரியும். ஏன் என்று பிள்ளை கேட்குமே, அந்தக் கேள்விதான் பாடம். சூரியனை மட்டும் இதனால் ஒருபோதும் பார்க்கலாகாது, கண் போய்விடும்.

1610 இல் கலிலியோ வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்ட கருவி ஏறக்குறைய 20 மடங்குதான் பெருக்கியது. இராமகிருஷ்ண மரபில் துறவியாக வாழ்ந்த ஜோன் டொப்சன், பழைய கப்பல் சாளரக் கண்ணாடிகளைத் தேய்த்தே தொலைநோக்கி ஆடிகளைச் செய்தார். 1967 இல் மடத்தைவிட்டு வெளியேறிய பின்னர், சான்பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் வழிப்போக்கர்களை அழைத்து வானத்தைக் காட்டினார். அவரது எளிய மரப்பலகைத் தாங்கி இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. காவலூர் வானாய்வகம் 1968 இல் பணி தொடங்கியது, கொடைக்கானல் வானாய்வகத்தின் பின்கட்டில் செய்யப்பட்ட 38 சென்ரிமீற்றர் தொலைநோக்கியோடுதான். 2.34 மீற்றர் பெருந்தொலைநோக்கி அங்கு வந்தது 1986 இல். சொந்தக் கையால் செய்தது முதலில், பெரியது பிறகு.

நன்கொடையாக வந்த கருவிகள் பரிசளிப்பு விழாப் படத்தோடு அலுமாரிக்குள் பூட்டப்படுவதை என் பத்திரிகை வாழ்வில் பலமுறை கண்டிருக்கிறேன். உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சமே பூட்டு. பிள்ளைகள் தாமே செய்த குழலுக்கு அந்த அச்சம் இல்லை. உடைந்தால் அவர்களே மீண்டும் ஒட்டுவார்கள்.

மலையகப் பாடசாலைகளுக்கு உதவ விரும்பும் புலம்பெயர் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விலையுயர்ந்த தொலைநோக்கி ஒன்றை அனுப்பாதீர்கள். அந்தப் பணத்தில் நூறு வில்லைகளை வாங்கி, அவற்றைப் பொருத்தக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்குத் துணைநில்லுங்கள். மழை குறைந்த தை, மாசி இரவுகளில் ஹந்தானை வானம் காத்திருக்கும்.